எங்கள் கணினிக்கு இனி யார் முதலாளி?



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் தருகிறேன். திட்ட வேண்டும் என்று நினைப்பவர்களும் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நமது பழைய மாணவர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு யோசனை வந்தது. பாடசாலைக் கணினி அறையில் உள்ள 14 கணினிகளும் வின்டோஸ் 10இல் ஓடுகின்றன. ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக "ஏஐ கணினி" வாங்க வேண்டும், குடும்பத்துக்கு இவ்வளவு என்று சேர்க்க வேண்டும் என்பதுதான் யோசனை. சொன்னவர் என்னிடம் படித்த பிள்ளை. இப்போது கட்டாரில் இருக்கிறார். நல்ல மனம். அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"அவசரப்பட வேண்டாம், அந்தப் புதிய வசதிகள் என்னவென்று முதலில் பார்ப்போம்" என்று மட்டும்தான் நான் எழுதினேன். உடனே ஒருவர் பதில் போட்டார்: "சேர், காலம் மாறிவிட்டது. சோக்கும் கரும்பலகையும் போதும் என்றால் நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள்." அதற்குப் பலர் கைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

ஒதுங்கி நிற்க மாட்டேன். ஏனென்றால் சேர்க்கப்போவது ஊர்ப் பணம். அந்தக் கணினிகளுக்கு முன்னால் உட்காரப்போவது நமது பிள்ளைகள். கணினி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளைகளுக்குக் கணினியில்தான் படிப்பிக்கிறேன். என் கேள்வி ஒன்றுதான்: வரப்போகிற வின்டோஸில் என்னென்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்துதான் நாம் காசு கொடுக்கப்போகிறோமா?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாடப் புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படிப்பிக்கிறோமே, அதுதான் வின்டோஸ். இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கிற மென்பொருள். இதுவரை அதன் குணம் எளிமையானது. நீங்கள் சொன்னால் செய்யும், சொல்லாவிட்டால் சும்மா இருக்கும். கடிதத்தைத் திற என்றால் திறக்கும். அதில் எழுதியிருப்பதை வைத்துத் தானாக எந்த வேலையும் செய்யாது.

அந்தக் குணத்தைத்தான் மாற்றப்போகிறார்கள். ஒக்டோபர் 16ஆம் திகதி, எல்லா வின்டோஸ் 11 கணினிகளையும் ஏஐ கணினியாக ஆக்கப்போகிறோம் என்று மைக்ரோசொப்ட் அறிவித்தது. நீங்கள் கூப்பிட்டால் பதில் சொல்லும், உங்கள் திரையில் இருப்பதைப் பார்க்கும், உங்களுக்காகக் கோப்புகளில் வேலை செய்யும். 2025 நவம்பர் 10ஆம் திகதி வின்டோஸ் பிரிவின் தலைவர் பவன் தவுலூரி இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்: வின்டோஸ் இனி "ஏஜென்டிக்" இயங்குதளமாக மாறுகிறதாம். நீங்கள் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால், ஒரு முகவர் மென்பொருள் தானாகவே கோப்புகளைத் திறந்து, வாசித்து, கிளிக் செய்து, அந்த வேலையை முடித்துவைக்கும்.

அந்தப் பதிவுக்கு என்ன நடந்தது தெரியுமா? உலகம் முழுவதிலும் இருந்து பாவனையாளர்கள் திட்டித் தீர்த்தார்கள். கேட்காத வேலையைச் செய்யாதே, இருக்கிற பிழைகளை முதலில் திருத்து என்றார்கள். பதில் எழுதும் வழியையே மூடிவிட்டார்கள். பிறகு அவரே, நாங்கள் சரிசெய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார். திட்டியவர்கள் சோக்கும் கரும்பலகையும் போதும் என்ற கூட்டமல்ல. அவர்களில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களும் இருந்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த முகவர் வசதி 2025 நவம்பரில் சோதனைப் பதிப்பில் இருந்தது. அதைப் பற்றி மைக்ரோசொப்ட் தனது உதவிப் பக்கத்திலேயே எழுதியிருப்பதை என் மொழியில் சொல்கிறேன். ஒன்று, இந்த முகவர்கள் சிலவேளை இல்லாததை இருப்பதாக நினைத்து, எதிர்பாராத வேலைகளைச் செய்யலாம். இரண்டு, ஒரு கோப்புக்குள்ளோ திரையிலோ யாராவது கெட்ட கட்டளையை ஒளித்து வைத்தால், முகவர் உங்கள் கட்டளையை விட்டுவிட்டு அந்தக் கட்டளையைப் பின்பற்றக்கூடும். உங்கள் தரவு வெளியே போகலாம், தீய மென்பொருள் உள்ளே வரலாம். மூன்று, பாதுகாப்பு ரீதியில் இதன் விளைவுகள் விளங்கினால் மட்டும் இதை இயக்குங்கள்.

விற்கிறவனே "விளங்கினால் மட்டும் தொடு" என்கிறான். வாங்குகிற நாம் "காலத்தோடு ஓட வேண்டும்" என்கிறோம்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நம்மூருக்கு இதுதான் முக்கியம். இந்த வசதியை நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே இயக்க முடியும். நல்லது. ஆனால் அவர் ஒருதரம் இயக்கிவிட்டால், அந்தக் கணினியைப் பாவிக்கும் எல்லோருக்கும் அது இயங்கிவிடும்.

எல்லோருக்கும். கொஞ்சம் யோசியுங்கள்.

சியாட்டலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை வடிவமைப்பவர்களின் மனக்கண்ணில் ஒரு மனிதன், ஒரு கணினி, ஒரு கணக்கு, ஓயாத இன்டர்நெட். அவன் சம்மதித்தால் அது அவனுடைய சம்மதம், அவனுடைய தரவு. நம்மூரில் ஒரு கணினி அப்படியா இருக்கிறது? வீட்டில் இருக்கும் ஒரு லெப்டொப்பில் வாப்பா கடைக் கணக்குப் பார்க்கிறார், ராத்தா கம்பஸ் பாடம் செய்கிறா, தம்பி கேம் விளையாடுகிறான். பாஸ்வேர்ட் வீட்டுக்கே தெரியும். பாடசாலையில் ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள், ஒரு நாளைக்கு ஆறு வகுப்புகள். சந்தியில் இருக்கும் கொமியூனிகேஷன் கடையில் ஒரே கணினியில்தான் பாஸ்போட் படிவமும், காழி நீதிமன்றத்துக்கான கடிதமும், வேலைக்கான விண்ணப்பமும் அடிக்கப்படுகின்றன.

இந்த இடங்களில் "நீங்கள் சம்மதித்தால் மட்டும்தான்" என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. சம்மதிக்கிறவர் ஒருவர், தரவு வேறொருவருடையது. கடைக்காரத் தம்பி ஒரு ஆசையில் ஒரு பொத்தானை அழுத்துவார். தலாக் விவகாரத்தைக் கண்ணீரோடு சொல்லி எழுதுவித்த சகோதரியிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நமக்கு மறைக்க என்ன இருக்கு சேர்?" என்று குழுமத்தில் இன்னொருவர் கேட்டார்.

எனக்கு மறைக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் என் லெப்டொப்பில் இருப்பது என்னுடையது மட்டுமல்லவே. எந்தப் பிள்ளை ஏன் பாடசாலைக்கு வருவதில்லை என்ற குறிப்பு இருக்கிறது. எந்த வீட்டில் வாப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது இருக்கிறது. ஸகாத் குழுவில் எழுதுவினைஞர் வேலை பார்க்கிறேன். போன ரமழானில் யாருக்கெல்லாம் கொடுத்தோம் என்ற பட்டியல் இருக்கிறது. வலது கை கொடுத்தது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்த பட்டியல் அது. அந்தப் பெயர்களெல்லாம் என்னிடம் அமானிதம். "எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை" என்று சொல்லி அடுத்தவனின் அமானிதத்தைத் திறந்துவைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மறைக்க ஒன்றும் இல்லை என்பவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்கள் மறந்துவிட்டனவா? கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பை உடுத்ததற்காக, அது தர்மச் சக்கரம் என்று சொல்லி, ஒரு சகோதரியைக் கைதுசெய்து விளக்கமறியலில் வைத்தார்கள். வீட்டில் இருந்த அரபுப் புத்தகங்களை என்ன செய்வதென்று தெரியாமல் நாம் தவித்தோம். நம் கையில் இருப்பது குற்றமா இல்லையா என்பதை எப்போதும் நாம் தீர்மானிப்பதில்லை. வாசிக்கிறவன்தான் தீர்மானிக்கிறான். அதனால்தான் எதைச் சேமித்து வைக்கிறோம், எதை அழிக்கிறோம் என்பது நம் கையில் இருக்க வேண்டும்.

இது வெறும் பயமா? "ரீகோல்" என்ற வசதியின் கதையைக் கேளுங்கள். 2024 மே 20ஆம் திகதி அறிவித்தார்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை உங்கள் திரையைக் கணினி தானாகவே படம் பிடித்து வைக்கும். பிறகு "போன மாதம் பார்த்த அந்தப் பச்சைச் சட்டை எங்கே?" என்று கேட்டால் தேடித்தரும். பிந்தி வந்த கணினிகளில் இது தானாகவே இயங்கும் நிலையில் வருவதாக இருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். படங்களில் இருந்து எடுத்த எழுத்தெல்லாம் சாதாரணத் தரவுத்தளக் கோப்பில், கணினிக்குள் நுழைந்த ஒரு திருடன் வாரிக்கொண்டு போகக்கூடிய விதத்தில் இருந்தது. அதை வாரியெடுக்கும் ஒரு சிறு மென்பொருளையே ஒருவர் எழுதிக் காட்டினார்.

கூச்சல் எழுந்தது. ஜூன் 7ஆம் திகதி, கேட்டால்தான் இயங்கும் என்று மாற்றினார்கள். ஒரு வாரத்துக்குள் வெளியீட்டையே தள்ளிவைத்தார்கள். கடைசியில் 2025 ஏப்ரலில்தான் பொதுப் பாவனைக்கு வந்தது. இப்போது அந்தப் படங்கள் மறைகுறியாக்கப்பட்டு, அந்தக் கணினியிலேயே வைக்கப்படுகின்றன. திறக்க முகமோ விரலோ பின் இலக்கமோ வேண்டும். நியாயமாகச் சொன்னால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வீட்டுக்கே தெரிந்த பின் இலக்கம் ஒரு பூட்டா? இவ்வளவு திருத்திய பிறகும் சிக்னல் செயலிக்காரர்கள் 2025 மே மாதம், தங்கள் உரையாடல்களை ரீகோல் படம் பிடிக்காதபடி தாங்களாகவே ஒரு தடுப்பைப் போட்டுக்கொண்டார்கள்.

"வேண்டாம் என்றால் ஓப் பண்ணிவிடலாமே" என்பவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது.

2015இல் வின்டோஸ் 10 வந்தபோது, மைக்ரோசொப்ட் கணக்கு இல்லாமலே, உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் ஒரு கணக்கைத் திறந்து வேலையை ஆரம்பிக்கலாம். 2021 ஒக்டோபரில் வின்டோஸ் 11 வந்தது. ஹோம் பதிப்பை நிறுவ இன்டர்நெட்டும் மைக்ரோசொப்ட் கணக்கும் கட்டாயம் என்றார்கள். 2022இல் புரோ பதிப்பைச் சொந்தப் பாவனைக்கு நிறுவுபவர்களுக்கும் அதுவே சட்டமானது. கெட்டிக்காரப் பிள்ளைகள் குறுக்குவழிகளைக் கண்டுபிடித்தார்கள். 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்பில் இருந்து ஒரு குறுக்குவழியை எடுத்தார்கள். ஒக்டோபரில், தெரிந்த மற்றக் குறுக்குவழிகளையும் எடுத்தார்கள். பத்து வருடங்களில், விரும்பினால் செய் என்பது செய்யாவிட்டால் உள்ளே வராதே என்று ஆனது.

ஆகவே இன்று ஓப் பண்ணலாம் என்பது உண்மைதான். நாளைக்கும் அந்தப் பொத்தான் அங்கே இருக்கும் என்று யார் எனக்கு உறுதி தருவார்?

எல்லாமே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கண் தெரியாத ஒருவருக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கணினி ஒரு நிஃமத். ஒரே விதமான நூறு கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் வேலையை முகவர் செய்தால் எழுதுவினைஞருக்கு ஆறுதல். வின்டோஸ் 11 கேட்கும் டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லிலும் நியாயம் இருக்கிறது. என் எதிர்ப்பு வசதிக்கு அல்ல. அதை இயங்குதளத்தின் அத்திவாரத்துக்குள் புதைத்து, வேண்டியவனுக்கும் வேண்டாதவனுக்கும் சேர்த்து விற்பதுதான் எனக்குப் பிரச்சினை. தனி மென்பொருளாகத் தாருங்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாதவர் கழற்றிவிடட்டும். அத்திவாரத்தை எப்படிக் கழற்றுவது?

"இங்கிருந்து கத்தி என்ன பிரயோசனம், அமெரிக்காக் கம்பனி கேட்கவா போகிறது?" என்பது கடைசிக் கேள்வி.

கேட்டது. ரீகோல் கதையே அதற்குச் சாட்சி. இன்னொரு சாட்சியும் தருகிறேன். வின்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருடம் நீடித்துத் தருவதற்கு 30 டொலர் கேட்டார்கள். காசு கொடுக்காவிட்டால் உங்கள் அமைப்புகளை அவர்களுடைய கிளவுட்டில் சேமிக்க வேண்டும், அல்லது 1000 ரிவோர்ட்ஸ் புள்ளிகள் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் விடவில்லை. எழுதினார்கள், கேட்டார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்து மக்களுக்குக் காசும் வேண்டாம், அந்தச் சேமிப்பு நிபந்தனையும் வேண்டாம் என்று செப்டெம்பரில் இறங்கிவந்தார்கள். கணக்கில் உள்நுழைய மட்டும் வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சலுகை இல்லை. ஏன்? அவர்களிடம் கேட்க ஆள் இருந்தது, கேள்விக்குப் பின்னால் சட்டமும் இருந்தது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதுதான் பிற்போடப்பட்டது. அதைப் பற்றி நமது அரசியல்வாதி ஒருவரிடமாவது நாம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறோமா?

கேட்கும் உரிமை பற்றிப் பேசும்போது கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். பிஸ்கட் பக்கற்றைத் திருப்பித் திருப்பி ஹலால் இலச்சினை தேடும் நாம், கணினியில் திருட்டு வின்டோஸைப் போட்டுத்தருபவரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. திருடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு "என் உரிமை எங்கே?" என்று முதலாளியிடம் கேட்க முடியாது. இது எனக்கும் சேர்த்துத்தான். என் முதல் லெப்டொப்பில் ஓடியதும் அப்படியான வின்டோஸ்தான்.

சரி, 14 கணினிகளை என்ன செய்வது? விமர்சித்துவிட்டு ஓடினால் அது ஆசிரியனுக்கு அழகில்லை. என் யோசனைகள் இவை.

1. பணம் சேர்ப்பதை ஒரு தவணைக்கு நிறுத்துவோம். முதலில் 14 கணினிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஏறக்குறைய 2018க்குப் பிந்திய புரொசசரும் டீபிஎம் 2.0உம் உள்ளவை காசு செலவில்லாமல் வின்டோஸ் 11க்கு மாறலாம்.

2. மாற முடியாதவற்றுக்கு நீடித்த பாதுகாப்புத் திருத்தம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு, நிறுவன லைசன்ஸ் வழியாக, ஒரு கணினிக்கு முதல் வருடம் 1 டொலர், இரண்டாம் வருடம் 2 டொலர், மூன்றாம் வருடம் 4 டொலர். நமது பாடசாலைக்கு அது கிடைக்குமா என்று அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்போம்.

3. மிகப் பழையவற்றில் லினக்ஸ் போடுவோம். உபுண்டு, மின்ட் இரண்டும் இலவசம், திருட்டும் இல்லை. கணக்குத் திறக்கச் சொல்லிக் கழுத்தைப் பிடிக்காது. ஓ.எல். பிள்ளைக்கு வேண்டியது விரிதாளும் சொல் முறைவழிப்படுத்தலும் நிகழ்த்துகையும். லிப்ரே ஒபிஸில் மூன்றும் இருக்கின்றன. ஆனால் பரீட்சைக்குப் படிப்பது மைக்ரோசொப்ட் ஒபிஸ் என்பதால், நல்ல கணினிகளில் அதையும் வைத்திருப்போம். இரண்டையும் கண்ட பிள்ளை எதற்கும் பயப்படாது.

4. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், "ஏஐ கணினி" என்ற ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ரீகோல் போன்றவை ஓடும் கணினிக்கு விசேட சில்லு ஒன்றும் 16 ஜீபி ரெமும் வேண்டும். நமது வகுப்புக்கு அந்தச் சில்லு தேவையில்லை. மிஞ்சும் காசுக்கு இரண்டு கணினி கூட வாங்கலாம்.

5. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஸகாத் பட்டியல், நிக்காஹ் பதிவு, பிணக்குக் கடிதங்கள் இருக்கும் கணினியை வேறு எதற்கும் பாவிக்க வேண்டாம். அதன் நிர்வாகிப் பாஸ்வேர்ட் இரண்டு பேருக்கு மட்டும் தெரியட்டும். சோதனை வசதி எதையும் அதில் இயக்க வேண்டாம்.

6. கொமியூனிகேஷன் கடைத் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளரின் வேலை முடிந்ததும் கோப்பை அழியுங்கள். புதிய வசதி ஏதாவது "இயக்கவா?" என்று கேட்டால், உங்கள் முன்னால் இருக்கும் கதிரையில் நாளைக்கு யார் உட்காருவார் என்று ஒருதரம் நினையுங்கள்.

7. வின்டோஸிலேயே "பீட்பெக் ஹப்" என்று ஒரு செயலி இருக்கிறது. கருத்தை அதில் எழுதலாம். ஒரு கணினியைப் பலர் பாவிக்கும் இடங்களில் முகவர் வசதியை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டே இயக்க வேண்டும் என்று எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன். ஒருவன் எழுதினால் குப்பைக்குப் போகும். ஆயிரம் பேர் எழுதினால் யாராவது வாசிப்பார்கள்.

கட்டாரில் இருக்கும் என் மாணவருக்கு: மகன், உங்கள் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். நீங்கள் அனுப்ப நினைத்த காசு வீணாகாது. அடுத்த லீவுக்கு வரும்போது நாம் இரண்டு பேரும் கணினி அறையில் உட்கார்ந்து அந்த 14 கணினிகளையும் பார்ப்போம். ஸ்குரூ டிரைவரை நான் கொண்டுவருகிறேன்.

என்னை ஒதுங்கச் சொன்ன சகோதரருக்கு: காலத்தோடு ஓடத்தான் வேண்டும். ஆனால் ஓடுகிறவன் தன் காலால் ஓட வேண்டும். பிறர் இழுத்த இழுப்புக்குப் போவதற்குப் பெயர் ஓட்டம் இல்லை. அந்த அறைச் சாவி இன்றைக்கு நம் கையில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கணினியின் சாவியும் நம் கையில்தான் இருக்க வேண்டும் என்கிறேன். இது பழமை என்றால் நான் பழையவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பழைய மாணவர் கூட்டம். வாருங்கள், நேரில் பேசுவோம்.

வஸ்ஸலாம்.